ஓட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

“சேர்ந்துதானே இருக்கீங்க, யாரும் தடுக்கலையே, அப்புறம் சர்ட்டிஃபிகேட் எதுக்கு?” ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்தினால், விஷயம் தெரிந்த நண்பர்கள்கூட ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கல்யாணம் என்றால் நமக்கு மேளம், பந்தி, மொய், ஆல்பம். அதற்குப் பின்னால் இருக்கும் காகிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் கல்யாணமானவர்களுக்கு வந்திருக்காது.

2024 ஜூன் முதல் வாரம், மக்களவைத் தேர்தல் முடிவு வந்த சூட்டில், செகந்திராபாத்தில் ஓர் இரானி ஓட்டலில் என் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி வேறு கேள்வி கேட்டான். மதுரைப் பக்கத்துப் பையன். கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. தன் இணையோடு கொண்டாப்பூரில் குடியிருக்கிறான். “கோர்ட்டுக்குப் போனா பார்லிமென்டுக்குப் போங்கறாங்கண்ணா. பார்லிமென்டுக்கு ஓட்டுப் போட்டா இதுதான் வருது. இனி எங்கே போறது?” உஸ்மானியா பிஸ்கட்டைத் தொடவே இல்லை அவன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அதன் பிறகு நடந்தவற்றையும் சேர்த்து உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு கோப்பை சாயாவில் முடியாது. இரண்டாவது சொல்லிக்கொள்ளலாம்.

நண்பர்களின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கம்பெனியில் சேர்ந்ததும் பி.எஃப். கணக்குக்கு நாமினி பதிவு செய்யச் சொல்வார்கள். இப்போதெல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திறந்தால் ‘குடும்பம் உண்டா’ என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே பதில். ‘ஆம்’ என்றால் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று விதி வரையறுத்த உறவுகளுக்குள்ளேதான் நாமினி போட முடியும். இந்தத் தம்பியின் அம்மா, மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் ஊரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அவனுக்குக் குடும்பம் ‘உண்டு’. கூடவே வாழ்கிறவர் அந்தக் குடும்பத்தில் சேர மாட்டார். அவர் பெயரை எழுதினாலும் செல்லாது. பணிக்கொடைக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான்.

ஆயுள் காப்பீட்டில் நாமினி போட்டால் போதாதா என்பீர்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டால் போடலாம்தான். ஆனால் நாமினி என்பவருக்குப் பணம் சொந்தமா, வாரிசுகளுக்காக வாங்கி வைத்துக் கொடுக்கும் ஆள் மட்டுமா என்பது நம் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக விளக்கி வரும் விஷயம். 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று எழுதினார்கள். கூட வாழ்கிறவர் அந்த வரிசையில் இல்லை. காசோலை அவர் பெயருக்கு வந்தாலும், வாரிசு உரிமையோடு வருகிறவர் கேட்டால் பணத்தைக் கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம். வாரிசு யார்? திருமணமாகாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்துபோனால் தாய். தாய் இல்லையென்றால் தந்தை, அவருக்குப் பின் உடன்பிறந்தவர்கள். இருவரும் சேர்ந்து தவணை கட்டிய வீட்டில் இறந்தவரின் பாதி, பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனுக்குப் போய்ச் சேரலாம். சட்டம் அதைத் தவறென்று சொல்லாது.

இன்னொன்று. கணவன் மனைவிக்கு எத்தனை லட்சம் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு வருமான வரி கிடையாது. ‘உறவினர்’ அல்லாதவரிடமிருந்து வருஷத்தில் ₹50,000க்கு மேல் வாங்கினால் வரி உண்டு. கூட வாழ்கிறவர் வரித்துறைக்கு உறவினர் அல்ல. இதை எதிர்த்து ஓர் ஆண் இணையர் போட்ட மனுவில் 2025 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பிள்ளையைத் தத்தெடுக்க இணையராக விண்ணப்பிக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வருஷம் நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது விதி. தனிநபராக ஒருவர் தத்தெடுக்கலாம். அப்போது அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி பெற்றவர் ஒருவர்தான். தினமும் பள்ளிக்கூட வாசலில் விட்டுவரும் மற்றவர் அந்தக் குழந்தைக்குச் சட்டத்தின் முன் யாருமில்லை.

சான்றிதழ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். மேளத்தை யாரும் கேட்கவில்லை. இந்தக் காகிதங்களைத்தான் கேட்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் நம் ஹைதராபாத்காரர்கள். சுப்ரியோ சக்ரவர்த்தி, அபய் டாங். பல வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். கொரோனா இரண்டாம் அலையில் இருவருக்கும் தொற்று வந்து மீண்ட பிறகு, 2021 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு விடுதியில், குடும்பமும் நண்பர்களும் சூழ, வங்காளி பஞ்சாபிச் சடங்குகளோடு மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். சட்டத்தில் அந்த நாளுக்கு மதிப்பில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போனார்கள். பிறகு நாடு முழுவதிலுமிருந்து வந்த மனுக்கள் எல்லாம் அதனோடு சேர, வழக்குக்கே ‘சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம்’ என்று பெயர் நிலைத்தது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், எஸ்.ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ்.நரசிம்மா. இந்த ஐவர் அமர்வு 2023 ஏப்ரல் 18 தொடங்கி மே 11 வரை பத்து நாள் வாதம் கேட்டது.

மனுதாரர்கள் முக்கியமாகக் கேட்டது பெரிய சடங்கு மாற்றம் எதுவும் இல்லை. மதச் சட்டங்களைத் தொடவே வேண்டாம், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் ஆண் பெண் என்று பார்க்காமல் ‘இருவர்’ என்று வாசியுங்கள் என்பதுதான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஒரே பாலினத்தவர் மணக்கக் கூடாது’ என்று நம் நாட்டில் எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. சிறப்புத் திருமணச் சட்டம் மணமகனுக்கு 21 வயது, மணமகளுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும் என்கிறது. அதிலேயே ஆண் பெண் வந்துவிடுகிறது. நம் நாட்டில் இருப்பது வெளிப்படையான தடை இல்லை, இடமே வைக்காத சட்டம். எழுதப்பட்ட தடையை நீதிமன்றம் அடித்துவிடலாம். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு, மனமொத்த வயதுவந்தோரின் உறவைப் பொறுத்தவரை, அதைத்தான் செய்தார்கள். எழுதப்படாத இடத்தில் புதிதாக எழுதித் தருவது நீதிபதிகளுக்கு அத்தனை எளிதில்லை. பதிவாளர் படிவம் தொடங்கி வாரிசுரிமை வரை, ‘கணவன்’, ‘மனைவி’ என்ற சொற்கள் எத்தனையோ சட்டங்களில் ஊடுபாவாக ஓடுகின்றன என்று அரசுத் தரப்பு சொன்ன வாதத்தில் நீதிபதிகள் நின்றுவிட்டார்கள்.

தீர்ப்பு 2023 அக்டோபர் 17. மணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை ஆகாது, சிறப்புத் திருமணச் சட்டத்தை நாங்கள் திருத்தி எழுத முடியாது என்பதில் ஐவரும் ஒன்றாக நின்றார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் அந்த உறவை ‘இணைவு’ என்ற பெயரிலாவது அரசு அங்கீகரித்தே ஆக வேண்டுமா? இணையராகத் தத்தெடுக்கலாமா? ஆம் என்றவர்கள் சந்திரசூட்டும் கௌலும். மற்ற மூவரும் இல்லை என்றார்கள். ஒரு நல்ல விஷயமும் அதில் உண்டு. திருநங்கை ஓர் ஆணையோ, திருநம்பி ஒரு பெண்ணையோ மணப்பதற்கு இப்போதுள்ள சட்டமே போதும் என்று ஐவரும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2019 ஏப்ரலிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தூத்துக்குடி இணையர் வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணப்பெண்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லியிருந்தார்.

மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று நீதிபதிகளின் அறையிலேயே தள்ளுபடியாகின. அத்தோடு அந்தக் கதவு இப்போதைக்கு மூடியாயிற்று. சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் மிச்சம்.

சட்டமியற்றும் அவைக்கு ஆள் அனுப்புவது நாம்தானே. அங்கேதான் தம்பியின் ஆத்திரம். தீர்ப்பு வந்து எட்டு மாதத்துக்குள் மக்களவைத் தேர்தல். காங்கிரஸ் தன் 2024 தேர்தல் அறிக்கையில், பரந்த கலந்தாலோசனைக்குப் பின் பால்புதுமை (LGBTQIA+) இணையரின் சிவில் யூனியனை, அதாவது திருமணம் என்ற பெயரில்லாமல் பதிவு செய்யப்படும் இணைவாழ்வை, அங்கீகரிக்கும் சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியது. மார்க்சிஸ்ட் கட்சியும் தன் அறிக்கையில் தன்பாலின இணையருக்குத் திருமணத்தை ஒத்த சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றது. பா.ஜ.க. அறிக்கையில் திருநர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு இருந்தது. தன்பாலினத் திருமணம் பற்றி எதுவும் இல்லை. அந்தக் கட்சியின் அரசுதான் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கோரிக்கையை எதிர்த்து, இது நகர்ப்புற மேட்டுக்குடியின் எண்ணம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தது. மே 13 அன்று ஹைதராபாத் ஓட்டுப் போட்டது. ஜூன் 4 அன்று முடிவு. பா.ஜ.க. 240, காங்கிரஸ் 99, மார்க்சிஸ்ட் 4. ஆட்சி மாறவில்லை. தெலங்கானாவின் 17 இடங்களில் இரு பெரிய கட்சிகளும் எட்டெட்டு, ஹைதராபாத் வழக்கம்போல் மஜ்லிஸ் கட்சிக்கு.

“நாட்டுக்கே நாங்க வேணாம்னு ஆயிடுச்சுல்லண்ணா” என்றான் தம்பி. அந்த வாக்கியத்தைத்தான் நான் விடவில்லை. நாடு அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. தெலங்கானாவில் அந்த வெயிலில் மேடைகளில் பேசியது விவசாயக் கடன் தள்ளுபடி, இடஒதுக்கீடு, காங்கிரஸின் ஆறு உத்தரவாதங்கள். சிவில் யூனியனை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. வாக்குறுதி அளித்த கட்சியும் அதை அறிக்கையின் உள்பக்கத்தில் வைத்ததோடு சரி. பேசப்படாத ஒன்றுக்கு ஓட்டு விழுந்ததாகவோ விழவில்லை என்றோ எப்படிச் சொல்வது? மக்கள் மனத்தை அறிய வேண்டுமென்றால், பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இருக்கிறது. இந்தியாவில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அனுமதி தரலாம் என்றவர்கள் 53 சதவீதம், கூடாது என்றவர்கள் 43.

கட்சிகளை நம்பி ஏமாறவும் வேண்டாம். வழக்கு நடந்தபோது ஒன்றிய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. பதில் அனுப்பியவை ஏழு. அவற்றில் வெளிப்படையாக எதிர்த்தவை அசாம், ஆந்திரா, ராஜஸ்தான். அன்றைக்கு ராஜஸ்தானை ஆண்டது காங்கிரஸ். ஒரு வருஷத்துக்குள் அதே கட்சியின் தேசிய அறிக்கையில் சிவில் யூனியன் வந்தது. கட்சிகள் மாறும். மாற்றுகிற ஆட்கள் உள்ளே இருந்தால்.

இதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. தம்பி மதுரைக்காரன் என்பதால் அவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தாத்தாவின் கல்யாணமே சுயமரியாதைக் கல்யாணம் என்றான். ஆனால் அந்தக் கல்யாணம் நடந்த நாளில் அது சட்டப்படி செல்லாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நம்மில் பலருக்குத் தெரியாது.

1920களின் கடைசியிலிருந்து பெரியார் இயக்கத்தார் புரோகிதர் இல்லாமல், அக்னி இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் பார்த்தது, பத்திரிகையில் செய்தி வந்தது, பிள்ளைகள் பிறந்தன. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை, புதிதாக நாலு பேர் சேர்ந்து ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டால் அது வழக்கமாகிவிடாது என்பது காரணம். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மேடையில் தலைவர் முன்னிலையில் மணந்த பெண், சட்டப்படி மனைவி இல்லை. அவள் பிள்ளைகள் சொத்துக்கு வாரிசு இல்லை. இன்றைக்குச் சுப்ரியோவும் அபயும் நிற்கிற அதே இடம். விருந்து நடந்தது, சாட்சிகள் இருக்கிறார்கள், சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

அதற்காக அவர்கள் கல்யாணத்தை நிறுத்தவில்லை. செல்லாது என்று தெரிந்தே செய்தார்கள். கட்சிக்காரர் வீட்டுக்குக் கட்சிக்காரர் வீடு, மாவட்டத்துக்கு மாவட்டம் செய்தார்கள். 1967 தேர்தல் வந்தது. மக்கள் எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? அரிசிக்கு. அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியும், அதற்கு இரண்டு வருஷம் முன் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டமும்தான் பேச்சு. கல்யாணச் சட்டத்துக்காக யாரும் வரிசையில் நின்றதாகத் தெரியவில்லை. 234 இடங்களில் 137ஐப் பிடித்து, அந்த இயக்கத்திலிருந்து கிளைத்த தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. வந்த வருஷமே அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினாலும் சரி. அதற்கு முன் அவ்வாறு நடந்த திருமணங்களும் செல்லும் என்று எழுதினார்கள். தம்பியின் தாத்தா அந்த ஒரு வரியால்தான் சட்டப்படி தாத்தா ஆனார்.

தேர்தலில் கல்யாணம் பேசுபொருளாக இருந்ததில்லை. கட்சிக்குள் இருந்தது. அமைச்சரவையில் உட்கார்ந்தவர்களின் வீட்டிலும், அவர்களுக்குக் கொடி பிடித்தவர்களின் வீட்டிலும் அப்படிப்பட்ட கல்யாணங்கள் நடந்திருந்தன. நாற்காலி கிடைத்தபோது யாரும் வந்து நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. சிறுபான்மைக் கோரிக்கை ஒன்று சட்டமாகும் வழி பெரும்பாலும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரும்பான்மையைத் திரட்டித் தேர்தலில் வெல்ல நம் எண்ணிக்கை போதாது. வெல்லக்கூடிய கட்சிகள் எல்லாவற்றுக்குள்ளும், அது நம் மனிதர்களின் பிரச்சினை என்று தோன்றும் அளவுக்கு, முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

இந்தக் கதையின் பின்பகுதி இன்னும் முக்கியம். சுப்ரியோ தீர்ப்புக்கு ஏழு வாரங்களுக்கு முன், 2023 ஆகஸ்ட் 28 அன்று, இளவரசன் என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை, வழக்கறிஞர்கள் முன்னிலையில் எளிமையாக நடந்தாலும் செல்லும் என்றது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ரவீந்திர பட். சுப்ரியோ வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. கையில் 7ஏ என்ற சட்டம் இருந்தபோது எளிய மனிதர்களின் பக்கம் தாராளமாக நின்ற நீதிபதி, சட்டம் இல்லாத இடத்தில் சட்டமன்றத்தைக் கை காட்டினார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. சந்திரசூட்டும் கௌலும் சொன்ன அளவுக்காவது போயிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் ஒன்று இருந்தால் நீதிமன்றம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெளிநாட்டிலும் தேர்தல் நாளில் மனம் உடைந்தவர்கள் உண்டு. ஹைதராபாத்தில் வீட்டுக்கு ஒருவர் கலிஃபோர்னியாவில் இருப்பதால் அதைச் சொல்கிறேன். 2008 நவம்பர் 4 அன்று பராக் ஒபாமா வென்ற அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பது மட்டுமே திருமணம் என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதக் கலிஃபோர்னியா மக்கள் சுமார் 52 சதவீதத்தில் ஒப்புதல் தந்தார்கள். ஐந்து மாதமாகச் சட்டப்படி நடந்துகொண்டிருந்த திருமணங்கள் நின்றன. அதற்கு நாலு வருஷம் முன் 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் அப்படித் தடை போட்டிருந்தன. அங்கே மக்களிடம் நேராகக் கேட்டார்கள், மக்கள் நேராக மறுத்தார்கள். நமக்கு நேர்ந்ததைவிட வலி கூடியது அது. பிறகு வழக்குகள் நடந்தன. 2013இல் கலிஃபோர்னியாவில் திருமணங்கள் மீண்டும் தொடங்கின, 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உரிமை தந்தது. 2024 நவம்பரில் கலிஃபோர்னியா மக்களிடம் மறுபடி கேட்டார்கள், அந்தப் பழைய வரியை நீக்கலாமா என்று. சுமார் 62 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். டிரம்ப் இரண்டாம் முறை வென்ற அதே நாள். பெரிய தேர்தலின் முடிவும் இந்த ஒரு கேள்வியின் முடிவும் எதிரெதிராகப் போகலாம் என்பதை இரண்டு முறையும் பார்த்துவிட்டோம். தைவானிலும் 2018இல் பொது வாக்கெடுப்பில் தோற்றார்கள், 2019 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் பதிவு நடக்கிறது.

சரி, நம் ஊரில் அடுத்து எங்கே போவது? டெல்லியையே பார்த்துக்கொண்டிருப்பதால் பக்கத்தில் இருக்கும் வாசலை நாம் கவனிப்பதில்லை. திருமணம், மணமுறிவு, தத்து, உயில், வாரிசுரிமை இவை அனைத்தும் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டமியற்றலாம், மாநிலச் சட்டமன்றமும் இயற்றலாம். ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967இல் தமிழ்நாடு செய்தது அதைத்தான். சிவில் யூனியன் தருவதாகத் தேசிய அறிக்கையில் எழுதிய கட்சி, 2023 டிசம்பர் முதல் தெலங்கானாவை ஆள்கிறது. 119 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 64 இடங்களைப் பிடித்து வந்தது. டெல்லியில் ஆட்சி கிடைக்காததால் செய்ய முடியவில்லை என்று அந்தக் கட்சி இங்கே சொல்ல முடியாது. ஒப்புதல் டெல்லியில் தாமதமாகலாம், மறுக்கவும்படலாம். ஆனால் ஒரு மசோதா அவையில் வைக்கப்பட்டு, விவாதம் நடந்து, எத்தனை பேர் எழுந்து ஆதரித்தார்கள் என்பது ஏடேறிவிட்டால் பிறகு யாரும் இது மேட்டுக்குடியின் விருப்பம் என்று சொல்லிவிட முடியாது.

குடியரசுத் தலைவர்வரை போகாமலே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒன்றிய அரசு 2024 ஏப்ரலில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் பிறகு சில கடிதங்கள் போயின. ரேஷன் அட்டையில் பால்புதுமை இணையரை ஒரே குடும்பமாகக் கருதலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை, நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைக் கூட வாழ்ந்தவர் பெற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம். ரேஷனும் அரசு மருத்துவமனையும் மாநிலத்தின் கையில் இருப்பவை. மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கும் பணிக்கொடைக்கும் யார் குடும்பம் என்ற விதியைத் தானே திருத்திக்கொள்ளலாம். இந்த ஊருக்கு அந்தத் தெம்பு உண்டு. நிஜாம் காலத்தில், 1919இல், திருநர்களைக் காவல்துறையின் பதிவேட்டில் அடைத்த ஒரு சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் ஏட்டில் கிடந்தது. ஹைதராபாத்தின் வைஜயந்தி வசந்தா மோக்லி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தம்பிக்குக் கடைசியாகச் சொன்னது வீட்டுக் காரியம். சட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. இருவரும் உயில் எழுதி, முடிந்தால் பதிவு செய்துவிட வேண்டும். இந்து, கிறிஸ்தவர் தன் சுய சம்பாத்தியம் முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம். முஸ்லிம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும், அதைத் தெரிந்து எழுத வேண்டும். வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் பத்திரம். மருத்துவத்துக்குப் பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்துவிட்டால் அந்தப் பவர் சட்டப்படி நிற்பது சந்தேகம். அதற்குப் பதிலாக, உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு வரும் கட்டத்துக்காக ‘முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்’ எழுதி, நம் சார்பில் பேசக்கூடியவர் யார் என்று அதில் பெயர் சொல்லலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த வழி இது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி முன்னிலையிலேயே கையெழுத்திடலாம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை, தன்பாலின இணையரும் குடும்பமாக வாழலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றும் அதே கோப்பில் இருக்கட்டும். தெலங்கானாவில் அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் இன்னோர் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்று எடுத்துக் காட்டலாம்.

தெலங்கானா சட்டமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2028இல். அதற்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் போனால் போதாது. அம்மாக்கள் போக வேண்டும், அண்ணன்கள் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் போக வேண்டும். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். சட்டமியற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று அவர் சொன்னால், அரசியல் சாசனம், ஏழாம் அட்டவணை, மூன்றாம் பட்டியல், ஐந்தாம் பதிவு என்று சொல்லுங்கள்.